மாமன் மடி

அரும்பாவூர்,
16.12.2024

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு அண்ணன் கலைச்செல்வன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி செங்கமலமும் நலம். லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கூப்பிட்டால், "அண்ணே, மீட்டிங்ல இருக்கேன்"னு வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன். சாப்பிடும்போதாவது படிப்பாய் அல்லவா?

மருமகன் கோகுலகிருஷ்ணனுக்கு மொட்டையும் காதுகுத்தும் தை இருபதுக்கு வைத்தாகிவிட்டது. கோயிலிலும் சொல்லிவிட்டேன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று நீ பிரசவ ஆஸ்பத்திரியிலேயே சொன்னதை நான் மறக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு பிள்ளை இல்லை, எல்லாம் அவன்தான். கடுக்கன் வாங்கியாச்சு, பட்டுச் சட்டையும் எடுத்தாச்சு.

மக்காச்சோளத்தில் படைப்புழு. பார்க்கலாமென்று உள்ளே நுழைந்தால் தோகை சுளீரென்று வலது கண்ணில் அடித்துவிட்டது. எதிர்வீட்டு சசிகலா கைப்பிள்ளைக்காரி, சங்கில் தாய்ப்பால் கொடுத்தாள். விட்டதும் எரிச்சல் அடங்கியது, சிவப்புதான் போகவில்லை. "இந்தக் கண்ணோட போய் உக்காந்தீங்கன்னா மெட்ராஸ் ஐன்னு ஊரே ஒதுங்கிடும், பச்சப்புள்ளைய யாரு மடியில தருவா?"ன்னு உன் அண்ணி ஒரே பாட்டு. மெடிக்கலில் சொட்டு மருந்து தந்தார்கள். விட்டேன், சிவப்பு போய்க் கண் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. நீ கவலைப்படாதே.

உன் அண்ணன்,
கலைச்செல்வன்


லண்டன்,
2.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் பார்த்தேன். கோபப்படாமல் படியுங்கள். தை இருபதுக்கு என்னால் வர முடியாது போலிருக்கிறது. மாசிக்குத் தள்ளி வைக்க முடியுமா?

காரணம் சொல்கிறேன். பூஞ்சையால் வரும் நோய்களில் உலகம் முழுக்க எத்தனையோ பேர் சாகிறார்கள், பார்வை இழக்கிறார்கள். என்ன நோய் என்று கண்டுபிடிக்கவே பல ஊர்களில் வசதியில்லை. அதற்காக எங்கள் அறக்கட்டளை முதல் தடவையாகப் பெரிய நிதி ஒதுக்கப் போகிறது. அது ஏன் அவசியம் என்று நிர்வாகக் குழு முன்னால் நான்தான் பேச வேண்டும். அந்தக் கூட்டம் சரியாக அதே வாரத்தில். பல வருட உழைப்பு அண்ணா, விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

கண் சரியானதில் சந்தோஷம். உங்கள் முகத்தைப் பார்த்து நாளாயிற்று. வீடியோவில் வாருங்கள், மருமகன் "மாமா மாமா" என்று போனைத் தடவிக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
வெற்றி


அரும்பாவூர்,
22.1.2025

அன்புத் தங்கைக்கு,

கோபம்தான். ஆனால் என்ன செய்ய? காது குத்துகிற ஆசாரி, சமையல்காரர், பந்தல்காரர் எல்லாரிடமும் போய் நின்று தேதியை மாசிக்கு மாற்றிவிட்டு வந்தேன். "லண்டன்காரி சொன்னா மாத்தித்தானே ஆவணும்"னு பெரியப்பா மகன் அரியமுத்து கிண்டல் பண்ணுகிறான். பண்ணிவிட்டுப் போகட்டும்.

சின்ன வெங்காயம் அழுகிவிட்டது. மக்காச்சோளம் பரவாயில்லை, அறுக்க ஆள்தான் கிடைப்பதில்லை. அந்தச் சொட்டு மருந்து நல்ல மருந்து. நிறுத்தினால் சிவப்பு திரும்ப வந்துவிடுகிறது, அதனால் நீ வருகிற வரைக்கும் விடாமல் விட்டுக்கொள்கிறேன். வெயிலில் கொஞ்சம் கூசுகிறது, அவ்வளவே. வீடியோவுக்கு இங்கே டவர் சரியில்லை. நேரில்தான் வரப்போகிறாயே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோகுலுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடு. மாமன் கொடுத்ததாகச் சொல்.

அண்ணன்,
கலைச்செல்வன்


லண்டன்,
8.2.2025

அண்ணா! அண்ணா!

கிடைத்துவிட்டது! நாங்கள் கேட்ட நிதி முழுவதையும் குழு ஒத்துக்கொண்டது. நோயைக் கண்டுபிடிக்கிற ஆய்வகங்கள், ஆட்களுக்குப் பயிற்சி, மருந்து எல்லாம் இதில் வரும். இந்தியாவுக்கும் உண்டு. நான் விடாப்பிடியாக நின்று அரியலூரையும் சேர்த்துவிட்டேன். நம் பக்கத்து ஜனங்களுக்கு இனி ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தில் பரிசோதனை கிடைக்கும். அடுத்த வருடம் தொடங்கிவிடுவார்கள்.

நான் பேசியதில் ஒரு பகுதியை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். "ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். பயிரின் இலை அவர் கண்ணைக் கீறிவிடுகிறது. கீறலில் பூஞ்சை குடியேறுகிறது. கடையில் கிடைக்கிற சொட்டு மருந்தை வாங்கி விடுகிறார். அதிலிருக்கும் ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைக்கிறது, உள்ளே பூஞ்சை இன்னும் வேகமாக வளர்கிறது. கண்ணைச் சுரண்டி எடுத்த துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தால் அவர் பார்வை தப்பியிருக்கும்." இதைக் கேட்டுத்தான் அத்தனை பேரும் சம்மதித்தார்கள்.

மார்ச் முதல் தேதி திருச்சியில் இறங்குகிறோம். மடியைத் தயாராக வைத்திருங்கள்!

உங்கள் வெற்றி


அரும்பாவூர்,
19.2.2025

தங்கை வெற்றிச்செல்விக்கு,

உன் கடிதத்தை ஒற்றைக் கண்ணால்தான் படித்தேன். வலது கண் அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மங்கல். செங்கமலத்திடம்கூடச் சொல்லவில்லை. நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மருந்துக் குப்பியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே அரியமுத்துவைக் கூட்டிக்கொண்டு திருச்சி போனேன். டாக்டரம்மா சுரண்டிப் பார்த்தார். பூஞ்சைதான். கருவிழி கரைந்துபோயிருந்தது. "போன மாசமே வந்திருந்தாக்கூட காப்பாத்தியிருக்கலாமே"ன்னு சொன்னார். முந்தாநாள் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

அந்த விவசாயிக்குப் பெயர் வைத்தாயா வெற்றி? இலை அடித்ததை எழுதினேன். மருந்து விடுவதை எழுதினேன், விடாமல் விடுவதையும் எழுதினேன். என் தங்கை படிக்கிறாள் என்று நினைத்துத்தான் எழுதினேன். கோபமில்லை என்று பொய் எழுத எனக்கு வரவில்லை. ஆனால் நீ வாங்கித் தந்த பணம் நல்ல பணம். இந்தப் பக்கம் இன்னொருத்தன் கண் தப்பினால் அது உன்னால்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

காதுகுத்தை நிறுத்தாதே. அரியமுத்துவும் உனக்கு அண்ணன் முறைதான், அவன் மடியில் வைத்து நடத்து. கடுக்கனையும் சட்டையையும் செங்கமலம் கொண்டு வருவாள். குலசாமி முன்னால் இந்தக் குறையோடு மடி விரிக்க எனக்கு மனசில்லை. பிள்ளையும் பயந்துபோவான்.

கலைச்செல்வன்


லண்டன்,
9.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊரில் இருந்த நாள்களில் உங்கள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. வந்தபோதெல்லாம் கதவு சாத்தியிருந்தது. "அவரு உள்ளதான் இருக்காரு, எழுந்திரிக்க மாட்டேங்குறாரு"ன்னு அண்ணி சொல்லி அழுதாங்க. கதவுக்கு வெளியே கோகுல் "மாமா"ன்னு கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும்.

கோயிலில் மொட்டை போட்டோம். அரியமுத்து அண்ணன் வேட்டியை இழுத்துவிட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். என்னால் முடியவில்லை அண்ணா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பந்தலை விட்டு வந்துவிட்டேன். திமிர் என்று பேசினார்கள், பேசட்டும். காது குத்தாமலே லண்டன் திரும்பியிருக்கிறோம்.

கடுக்கனை அண்ணியிடமே திரும்பக் கொடுத்திருக்கிறேன். அது உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் மடி கிடைக்கிற வரைக்கும் என் மகன் காது இப்படியே இருக்கும். அவன் பயப்பட மாட்டான். அவனுக்கு உங்கள் குரல் தெரியும்.

நேற்று உங்கள் பழைய கடிதங்களை மறுபடி படித்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இங்கே எத்தனையோ பேருக்கு நோயைப் பற்றிச் சொல்லத் தெரிந்த எனக்கு, "கண்ணு சிவப்பா இருந்தாலும் பரவாயில்லண்ணே, நீங்க மடி விரிங்க"ன்னு உங்களுக்கு ஒரு வரி எழுதத் தெரியாமல் போய்விட்டது.

உங்கள் தங்கை,
வெற்றி