அற்புதம் நடக்காதவனின் சாட்சி

மார்ச் 3, திங்கள்

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகர் என் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் ஏதோ வேலை வருகிறது என்று அர்த்தம். வழக்கமாக மின்விசிறி ரிப்பேர். இந்த முறை, "பதினாறாம் தேதி நீங்கதான் சாட்சி சொல்றீங்க" என்றார். ஆண்டவர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். மாடு மாதிரித் தலையாட்டிவிட்டேன். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் தொழில். என்னை யார் எடுப்பது?

மார்ச் 4, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் சபையில் தையற்காரரின் சாட்சிதான் பிரசித்தம். முதல் வருஷம் காய்ச்சல். அடுத்த வருஷம் அதே காய்ச்சலில் டாக்டர் கைவிரித்தார். போன வருஷம் பிணவறை வாசல் வரை போய்த் திரும்பினார். நான்? குடித்ததில்லை, சாகக் கிடந்ததில்லை. பதினெட்டு வயதில் நண்பன் சபைக்குக் கூப்பிட்டான், போனேன், உட்கார்ந்தேன். இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். என் சாட்சி அரை நிமிஷத்தில் முடிந்துவிடுமே.

இதில் மகள் வேறு. பதினேழு வயது. எட்டு மாதமாகச் சபைக்கு வருவதில்லை. "பார்க்காத ஒருத்தரைப் பார்த்த மாதிரியே எல்லாரும் பேசறாங்க. என்னால நடிக்க முடியாதுப்பா" என்று நின்றுவிட்டாள். சண்டையும் போட மாட்டாள். ஞாயிறு காலையில் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து வழியனுப்பி வைப்பாள். அதுதான் குத்துகிறது.

இன்று அவளே வந்தாள். "நீங்க பேசறீங்களாமே. கேட்க வரேன். ஆனா கலப்படம் இருந்துச்சு, பாதியிலயே எழுந்து போயிடுவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

சமையலறையில் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கெடுத்தால் சோறு கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

அபாரமான யோசனை வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தேன்.

"லிப்டுல ஏறறோம். மேல இருக்கற கம்பியைப் பார்க்கறோமா? பார்க்காமலே நம்பறோம் இல்ல?"

"நீங்க மாசாமாசம் மேல ஏறி அந்தக் கம்பியைப் பார்த்து, கிரீஸ் போட்டு, கையெழுத்தும் போட்டுட்டு வரீங்கப்பா. கடவுளை யாரு பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போட்டாங்க?"

முதலில் சிரித்தது மனைவி. அப்புறம் நானும். வேறென்ன செய்வது?

மார்ச் 12, புதன்

புத்தி கெட்டுப்போய் ஒன்று எழுதினேன். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தேன், ஒரு கை என்னைத் தாங்கியது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

மனைவி படித்தாள். "இது எப்ப நடந்துச்சு?"

"நடந்திருக்கலாம்."

"நீங்க விழுந்தது ஏணியில ரெண்டாவது படியிலேருந்து. பிடிச்சது அந்த பில்டிங் வாட்ச்மேன். அவருக்கு எப்பங்க றெக்கை முளைச்சுது?"

கிழித்துப் போட்டேன். அவள் அதோடு விடவில்லை. "ஒண்ணுமே நடக்கலைன்னா, இத்தனை வருஷமா எதுக்குத்தான் போறீங்க?"

பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

மார்ச் 14, வெள்ளி

மொட்டை மாடி லிப்ட் மெஷின் ரூம். மோட்டாரில் ஏதோ கரகரப்பு. "ஆண்டவரே, இந்தச் சத்தம் சரியில்ல, கொஞ்சம் பாரும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது: பக்கத்தில் ஆள் இல்லை. எத்தனை வருஷமாக இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறேன்? மழை, மகள், முட்டி வலி, எல்லாம் சொல்லியாகிவிட்டது. எண்ணெய் கேனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள். ஓடிப்போக வசதியாக. எப்படியோ சொல்லிவிட்டேன்:

"நான் எதையும் பார்க்கல. எந்தக் குரலும் கேட்கல. எனக்கு அற்புதம் ஒண்ணும் நடக்கல. வேலை செய்யறப்ப அவர்கிட்ட பேசறேன். பதில் வந்ததே இல்ல. ஆனா ஒருநாள்கூட சுவத்துகிட்ட பேசிட்டு வந்த மாதிரி இருந்ததில்ல. கீழ இறங்கி வர்றப்ப மனசு லேசா இருக்கு, சந்தோஷமா இருக்கு. என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்து உட்கார்ந்ததும் தையற்காரர் என் பக்கம் குனிந்து, "நல்லா இருந்துச்சு தம்பி, இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம்" என்றார்.

கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்தேன். இருந்தாள்.

வரும் வழியில் சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தவள், கடந்த பிறகும் விடவில்லை.

மார்ச் 22, சனி

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, நம்பறேன்னெல்லாம் நான் சொல்லல."

"சரிம்மா."

"நேத்து பஸ்ஸுல வர்றப்ப ஒரு தடவ பேசிப் பார்த்தேன்."

என் கையிலிருந்த சட்டை சொட்டிக்கொண்டே இருந்தது. "என்னம்மா பேசின?"

"அதை எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்? அது எனக்கும் அவருக்கும் நடுவுல."

போய்விட்டாள். அப்புறம் சந்தோஷத்தில் என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை. மனைவி வந்து பார்த்து, காலையிலேயே காய்ந்துவிட்ட போர்வையை ஏன் மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டிருக்கிறேன் என்று கேட்கிறாள்.