நீ கமிட் பண்ணாமல் போனது

லேய் மக்கா,

காலையில் ஆபீசுக்கு வந்ததும், நாம் எழுதும் புரோகிராமின் மாற்றங்களைப் பத்திரப்படுத்தும் கிட்டைத் திறந்து ஸ்டேட்டஸ் பார்த்தேன். நேற்று நான் திருத்திய ஒரு ஃபைலின் பெயர் சிவப்பில் நின்றது. இன்னும் கமிட் பண்ணவில்லை, கிட்டிடம் பதிவுக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும்.

உன் ஸ்கிரீன் எப்போதும் சிவப்பாகத்தானே கிடக்கும்! நாகர்கோவிலில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். அனுப்பும் புரோகிராமை நாம் எழுதிய காலம். அதில் ஒரு கோளாறு. யாராவது ஒருவர் போனை ஆஃப் பண்ணி வைத்திருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். அவருக்குப் பிறகு உள்ளவர்களுக்குச் செய்தி போகாது. முட்டத்தில் வள்ளம் வைத்திருந்த உன் அப்பாவின் நம்பரும் அதில் இருந்தது. நீ விடுவாயா? வீட்டில் உன் சொந்த லேப்டாப்பில் உட்கார்ந்து சரிசெய்துவிட்டாய். எனக்கு ஓட்டியும் காட்டினாய்.

"அப்போ கமிட் பண்ணி அனுப்புலே" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஒதுக்கிச் சுத்தமாக்கணும் மக்கா. அரைகுறைய அனுப்புனா எனக்கு மானக்கேடு."

எத்தனை தடவை சொன்னேன்! தனியாக ஒரு பிராஞ்ச், கிளைப் பிரதி மாதிரி, போட்டு ஆபீஸ் சர்வருக்கு அனுப்பு, ஓடுகிற புரோகிராமை அது தொடாது என்று. நம் ஃபோல்டரில் நாம் மாற்றுவதை கிட் பார்க்கும், சிவப்பில் காட்டும், அவ்வளவுதான். நாம் கொடுக்காமல் அதுவாக எதையும் எடுத்து வைக்காது. இது உனக்குத் தெரியாததா?

அடுத்த வாரமே மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உனக்கான முப்பதாம் நாள் பூசை கோயிலில் முடிந்ததும் லேப்டாப்பைக் கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் துணிமணியெல்லாம் துவைத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

"லேப்டாப்பா? எனக்க தங்கச்சி மவ காலேஜுக்குப் போறால்லியா, அவளுக்குக் குடுத்தாச்சு மக்களே. போனவனுக்க சாமானத்த அப்படியே குடுக்கப்பிடாதுல்லா, கம்ப்யூட்டர் கடையில கொண்டுபோய் எல்லாத்தையும் அழிச்சு புதுசாக்கித்தான் குடுத்தோம்" என்றாள் உன் அம்மை.

துணியைத் துவைத்துக் கொடுப்பதுபோல் அதையும் செய்திருக்கிறாள். நீ சரிசெய்து வைத்ததும் அதோடு அழிந்துபோயிற்று. அவளிடம் என்னத்தைச் சொல்ல? கோபமெல்லாம் உன் மேல்தான் வந்தது. நிம்மதியாக அழக்கூட விடவில்லை நீ.

சர்வரில் கிடந்த பழையதை வைத்து நானே எழுதினேன். நீ ஓட்டிக் காட்டியது ஞாபகம் இருந்தது. எப்படி எழுதினாய் என்றுதான் தெரியவில்லை. முட்டி நின்ற இடத்திலெல்லாம் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனே, படுபாவி!

ஒருவழியாக முடித்து ஓட விட்ட கொஞ்ச நாளில் பெரிய காற்று வந்தது. மறுநாள் உன் அப்பா போனை நீட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"வள்ளத்தத் தள்ளப் போனேன் மக்களே, அப்பந்தான் வந்துது. எம்மவன் போனாலும் அவனுக்க மெசேஜ் வருது, பாத்தியா?"

எந்த வரியை யார் எழுதியது என்று கிட்டைக் கேட்டால் என் பெயரைத்தான் சொல்லும். நான் உன் அப்பாவிடம், "ஆமா மாமா, அவன் செஞ்சதுதான்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காற்றுக்கும் போன் பண்ணி அதையே சொல்கிறார். நானும் ஆமா என்கிறேன். அவர் போனை வைத்ததும் உன்னை ஒருபாடு ஏசிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.