மேலே தள்ளினால் எரியும் சுவிட்சு

இருபது வருடமாக என்னோடு சுவிட்சுக்காகச் சண்டை போட்ட என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். போட்டில்தான் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், அழுவதற்கு இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டைக் கரையேற்றிப் பார்த்தபோது, நீங்கள் பலகையில் பொருத்தியிருந்த எட்டு சுவிட்சில் மூன்று உப்பேறி இறுகிக் கிடந்தன. அதில் ஒன்று, அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்புக்கானது. உங்கள் தம்பி ஜெரால்டு இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். சுவிட்சு வாங்க நான் கிளம்பினேன், பழையதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.

முதல் கடையில் வீட்டுக்குப் போடுகிற வெள்ளை சுவிட்சைக் காட்டினார்கள். போட்டுக்கு என்றேன். அதைவிடப் பெரிய வெள்ளை சுவிட்சைக் காட்டினார்கள். அடுத்த கடை அண்ணாச்சி மட்டும், "இத பேட்டரி கரண்டுல மாட்டுனா உள்ளுக்குள்ளயே கருகிரும்மா, வாங்காத" என்றார். சரக்கை விற்க மாட்டேன் என்ற கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கப்பல் உடைசல் சாமான் விற்கும் கொட்டகைக்கு வழி சொன்னதும் அவர்தான்.

அங்கே ஒருவன் ஒரு சாக்கை என் முன்னால் கவிழ்த்துவிட்டு, "தேடிக்கோங்கக்கா" என்று டீ குடிக்கப் போய்விட்டான். ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தேன். மூன்று தேறியது. நீங்களாக இருந்தால் சாக்கோடு வாங்கி வந்திருப்பீர்கள்.

இனிமேல்தான் விஷயம். ஊரில் எந்த வீட்டிலும் சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும். கப்பலில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு வந்த உங்களுக்கு, அங்கே மாதிரியே மேலே தள்ளினால்தான் எரிய வேண்டும். போட்டிலும் அப்படி, நம் வீட்டிலும் அப்படி. வருகிற விருந்தாளிக்கெல்லாம் பாத்ரூம் விளக்கைப் போட நான் பாடம் நடத்தினேன்.

சுவிட்சை மாட்ட ஏரலிலிருந்து எலக்ட்ரீசியன் முருகேசன் வந்தான். "மத்த அஞ்சும் மேல தள்ளுறதுக்கா. இதையும் அப்படியே போட்டுருதேன்" என்றான்.

"ஊரு உலகத்துல உள்ள மாதிரி போடு" என்றேன்.

"அப்பம் டிரைவர்ட்ட மறக்காம சொல்லிருங்க" என்று இரண்டு தடவை சொன்னான். போட்டை ஓட்டுவது ஜெரால்டுதான். சொன்னால் உடனே திருப்பி மாட்டிவிடுவான் என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். செத்துப்போன மனிதரிடம் சண்டையில் ஜெயித்து எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஆனாலும் அந்த மூன்று சுவிட்சைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போனார்கள். பம்பு சுவிட்சு மேலே இருந்ததால், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஜெரால்டு இருந்துவிட்டான். ஆலந்தலைக்கு நேரே வலை இழுக்கும்போது இஞ்சின் திணறியிருக்கிறது. கீழே இறங்கிப் பார்த்தால் முழங்காலளவு தண்ணீர். வலையை அறுத்து விட்டுவிட்டு, ஐந்து பேரும் வாளியால் இறைத்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தார்கள்.

"மேல எது கீழ எதுன்னு தெரியாதவன்லாம் போட்டுல ஏறுதான்! எங்க அஞ்சு பேரயும் கொல்லப் பாத்தியால?" முருகேசனைக் கரைக்கு வரவழைத்து, ஊரே கேட்க ஜெரால்டு கத்தினான். முருகேசன் என்னைப் பார்த்தான். நான் அறுந்த வலையைப் பற்றி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்றையும் திருப்பி மாட்ட ஜெரால்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து முருகேசனை எந்தப் போட்டுக்காரரும் கூப்பிடுவதில்லை. இன்று காலை அவனை அண்ணாச்சி கடை வாசலில் பார்த்தேன். "நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்னு நீ சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேங்க்கா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெட்கமாக இருக்கிறது. அதோடு உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது. குழம்பில் உப்புக் கூடினதிலிருந்து உங்கள் அம்மாவிடம் நான் வாய் விட்டது வரைக்கும், "நான்தான் சொன்னேன்" என்று முந்திக்கொண்டு பழியை ஏற்றுக்கொள்வீர்கள். என் தப்பை நான் ஒத்துக்கொள்ளப் பழக எனக்கு ஒரு தடவையாவது இடம் கொடுத்தீர்களா?

நாளைக்குப் போட்டுகள் திரும்பி, எல்லோரும் மீன் இறக்கும்போது, முருகேசனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "இவன் மேல தப்பு இல்ல. மாத்திப் போடச் சொன்னதும் நான்தான், தம்பிட்ட சொல்லாம விட்டதும் நான்தான்" என்று ஜெரால்டிடம் சொல்வேன். எல்லோரும் கேட்கும்படியாகத்தான் சொல்வேன். இந்தத் தடவை உங்களால் முந்திக்கொள்ள முடியாது.

இப்படிக்கு,
உங்களோடு சண்டை இன்னும் முடியாத பெண்டாட்டி,
ஸ்டெல்லா