புரூனோ அண்ணைக்கு, கடையைச் சாத்துவதற்கு முன்

என் அன்புள்ள புரூனோ அண்ணை,

இந்தக் கடிதத்தை உங்களால் வாசிக்க முடியாது. உயிரோடு இருந்திருந்தாலும் முடியாது, தமிழில் எழுதுகிறேன். அந்தத் துணிவில்தான் எழுதவே தொடங்கினேன். பக்கத்து மேசைக்காரர் காது கொடுப்பதுபோல வேறு யாரும் வாசித்தால் வாசிக்கட்டும். எங்கள் சாப்பாட்டுக் கடையில் யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்தானே.

பின்னேரம் மூன்று மணி. கதவுப் பலகையைத் திருப்பிவிட்டுப் பின்மேசையில், உங்கள் கதிரைக்கு எதிர்க் கதிரையில் இருக்கிறேன். கால் இரண்டும் வீங்கிப்போய்க் கிடக்கின்றன. காலை ஐந்தரைக்கு வந்தவள். முட்டை, தக்காளி, பன்றி என்று பொரித்துப் பொரித்துத் தலைமயிரில் ஏறிய எண்ணெய் மணம் இனி எந்த ஷாம்புவுக்கும் போகாது. களைத்துப்போனேன் அண்ணை. இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது, மெல்ல வருகிறேன்.

முதலில் புதினங்கள். எதிரே இருந்த இறைச்சிக்கடை இப்போது சேலைக்கடை. அடுத்தது நகைக்கடை, அதற்கடுத்தது எங்கள் ஆட்களின் மரக்கறிக்கடை. முருங்கைக்காய் விமானத்தில் வந்து லண்டன் ஈஸ்ட் ஹாமில் இறங்குகிறது. உங்கள் பழைய வாடிக்கைக்காரர் அரைவாசிப் பேர் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பாதி எங்கள் பெடியள். பஸ் ஓட்டுகிறவர்கள், பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்கிறவர்கள். சாயம் கூட்டிப் பால் விடாத பிளேன்ரீ கேட்டுவிட்டு, சுவரில் இருக்கும் உங்கள் படத்தைப் பார்த்து இந்த ஐயா யார் என்று விசாரிப்பார்கள். எங்கள் அண்ணை என்பேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குடிப்பார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மூன்றாம் வருடம், உங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'ஆள் தேவை' துண்டைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள், யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்தவள் என்று ஒப்புவித்தேன். நீங்கள் அதில் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சைவம், இறைச்சி தொடமாட்டேன் என்றேன். அதற்கென்ன, பீங்கான் கழுவு என்றீர்கள். மூன்றாம் கிழமை பன்றி பொரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் முழுகிய பிறகுதான் சாமி விளக்கில் கைவைப்பேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் முழுகுவேன், தெரியுமா?

ஆனால் ஒன்று. இந்த நாட்டில் எல்லோரும் என்னைப் 'பாம்' என்று வெட்டிக் கூப்பிட்டபோது, நீங்கள் ஒருவர்தான் 'பரமேஸ்வரி' என்று முழுதாகச் சொன்னீர்கள். சொல்ல மூச்சு வாங்கும், ஆனாலும் சொல்வீர்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நீங்கள் வேலை செய்த செங்கல் சூளையில், இத்தாலியர் உங்கள் எல்லோரையும் மேற்பார்வைக்காரன் 'டோனி' என்றே கூப்பிட்டானாம். நாலு வருடம் டோனியாக இருந்தேன், இன்னொருத்தரின் பேரை நான் சுருக்கமாட்டேன் என்றீர்கள்.

உங்கள் கதை முழுவதும் இந்த மேசையில்தான் தவணை முறையில் கேட்டேன். இத்தாலியில் ஒரு மலைக் கிராமம், ஒன்பது பிள்ளைகளில் ஐந்தாவது ஆள். இங்கிலாந்தில் பெட்போர்ட் பக்கம் செங்கல் சூளைக்கு நாலு வருட ஒப்பந்தம். படுக்கை, போர்க் கைதிகளை வைத்திருந்த பழைய முகாமில். ஊரில் இருந்த அம்மாவுக்கு மட்டும், பேக்கரியில் வேலை என்று எழுதினீர்களாம். இரண்டிலும் அடுப்பு இருக்கிறதுதானே என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. லண்டனில் கந்தோர் வேலை என்று நானும் என் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு லண்டன். ஹோட்டல் சமையலறை. கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்த லீனா அக்காவைக் கட்டினீர்கள். இருவருமாக இந்த இடத்தை எடுத்தபோது இது சப்பாத்துத் திருத்தும் கடையாம். தோல் மணம் போக ஒரு மாதம் பிடித்ததாம். மேல்மாடியில் வெறும் பலகையில் படுத்தீர்கள். அனா பிறந்ததும் உருளைக்கிழங்குப் பெட்டியில் போட்டுக் கவுண்டருக்குக் கீழே வளர்த்தீர்கள். அவளை இந்த எண்ணெயிலிருந்து தப்பவைக்கத்தான் இவ்வளவு பாடுபட்டீர்கள். அவள் படித்துப் பல் வைத்தியராகித் தப்பிப் போனபோது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வருடம் திரிந்தீர்கள். உங்களை விளங்கிக்கொள்ளவே முடியாது.

கடைக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தீர்கள். கோப்பி மெசினில் குடும்பத்து ஆளைத் தவிர யாரும் கைவைக்கக்கூடாது. மூன்று மணிக்குக் கதவைச் சாத்தி, அரை மணிநேரம் எல்லோரும் இருந்து சாப்பிட வேண்டும், நின்று சாப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் சூப்பில் பன்றி எலும்பு இல்லாமல் இராது. என் முதல் கிழமையே பக்கத்து அடுப்பில் எலும்பு போடாத சின்னச் சட்டி ஒன்று ஏறிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நன்றி சொன்னபோது, ஆறமுன் குடி என்று அதட்டினீர்கள்.

சரி, இனி அந்தப் பெரிய விஷயத்துக்கு, ஒரு பூமாலைக் கதைக்கு வருகிறேன். வேறு வழியில்லை.

நான் வந்து இரண்டு வருடத்தில் கடைக்கு வெள்ளையடித்து, புதுப் பலகை போட்டு, இத்தாலியிலிருந்து புது மெசின் இறக்கினீர்கள். எங்கள் ஆட்கள் புதுக்கடை திறந்தால் வாசலில் செவ்வந்தி மாலை தொங்கும். ஸ்ரேசன் வாசல் பூக்காரரிடம் இருந்த மஞ்சள் செவ்வந்தி முழுவதையும் வாங்கி, நூலில் கட்டி, திறப்புவிழா அன்று விடிய எல்லோருக்கும் முன்னால் வந்து கதவில் ஒன்று, மெசினில் ஒன்று போட்டேன். மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எனக்கே அழகாக இருந்தது. உங்களுக்காகக் கும்பிட்டுக்கொண்டும் நின்றேன்.

உங்களுக்குப் பின்னால் லீனா அக்காவும் மேலேயிருந்து இறங்கி வந்தா. மெசினைப் பார்த்தா. பிறகு உங்களைப் பார்த்தா. முகத்தில் இரத்தமே இல்லை. திரும்பி மேலே போனா. நீங்கள் பின்னால் ஓடினீர்கள். மேலே இத்தாலியனில் சத்தம். கொஞ்ச நேரத்தில் நீங்கள் இறங்கி வந்து இரண்டு மாலையையும் கழற்றிப் பின்முற்றத்தில் வைத்தீர்கள். உங்கள் அரைகுறை இங்கிலிஷில் சொன்னது என் காதில் தமிழாகவே பதிந்திருக்கிறது.

"எங்கடை ஊரிலை இந்தப் பூவைச் செத்தவைக்குத்தான் வைப்பம். உமக்குத் தெரியாது. முடிஞ்சுது."

முடியவில்லையே அண்ணை. அந்த டிசம்பரில், நத்தாருக்கு முன்னால் லீனா அக்கா போய்விட்டா. புற்றுநோய் என்றார்கள். வைத்தியர் சொல்வது ஒரு பக்கம், என் மனம் சொன்னது ஒரு பக்கம். உயிரோடு இருந்த பெண்ணின் கடைக்குச் செத்தவீட்டுப் பூவைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டவள் நான். சாமியைக் கும்பிட்டு வேறு தொங்கவிட்டேன். என் மனுசன் எவ்வளவோ சொன்னார்.

"பூ வைச்சதாலை ஆரும் சாகிறேல்லை. விசரே உமக்கு?"

அவருக்கு என்ன, அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து கடை திறந்த அன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு மெசின் முன்னால் நிறுத்தி, எப்படிக் கோப்பி இறக்குவது என்று காட்டினீர்கள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மன்னிக்கப்பட்டவள் என்ன செய்வாள்? உழைத்தேன். மகளின் பள்ளிக்கூடக் கலைவிழாவுக்குப் போகவில்லை. அம்மா கொழும்பு வரைக்கும் வந்து என்னைப் பார்க்கக் காத்திருந்தபோதும் நான் போகவில்லை. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், கடையை யார் பார்ப்பது என்றேன். அந்த வருடங்களில் உங்களிடம் ஒரு தரமாவது ஏலாது என்று சொல்லியிருக்கிறேனா? யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்குப் பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாய் கோணி, ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று.

"கடையைச் சாத்தாதையும், பரமேஸ்வரி."

அந்த நிலைமையிலும் பெயரைச் சுருக்கவில்லை. ஓம் என்றேன். மாலை கட்டியவள் வேறு என்ன சொல்வாள்?

நீங்கள் அங்கேயே கண்ணை மூடினீர்கள். அன்றிலிருந்து நான்தான் சமையல், நான்தான் கோப்பி, நான்தான் கூட்டித் துடைப்பது. ஆள் வைத்தால் நிற்கிறார்கள் இல்லை. முழங்கால் போய்விட்டது. போன மாரியில் கூடத்துக்குள் வழுக்கி விழுந்து மூன்று நாள் படுத்தேன், நாலாம் நாள் திறந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்றே என்று என்னையே பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவேன்.

போன கிழமை அனா வந்தாள். கடைக் குத்தகை முடிகிறது, புதுப்பிக்கக் கையெழுத்து அவளும் வைக்க வேண்டும். மூன்று மணிக்கு இந்த மேசையில் சூப்பு வைத்துக் கொடுத்தேன். அன்ரி ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டீர்கள், ஏன் இன்னும் இதை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் கட்டிய மாலைதான் உன் அம்மாவைக் கொண்டுபோனது, அதற்கு நான் செய்ய வேண்டாமா என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு அவள் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"அன்ரி, தனக்குப் புற்றுநோய் எண்டு அம்மாவுக்கு உயிர்த்த ஞாயிறுக்கு முந்தியே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். கடை திறக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. அந்தப் பூவைக் கண்டதும், அப்பா உங்களுக்குச் சொல்லிப்போட்டார் எண்டு நினைச்சுத்தான் அம்மா சண்டை பிடிச்சவ. எனக்கு ரெலிபோன் எடுத்து அழுதவ."

பிறகு அப்பா இல்லையென்று சத்தியம் செய்து, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்ததாகவும் சொன்னாள். மேலே கேட்ட சத்தத்தில் கடைசிப் பகுதி சிரிப்பா? கீழே நின்ற எனக்கு அது விளங்கவில்லை.

அண்ணை, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாலைக்கு ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. லீனா அக்கா இருக்கும்வரை சத்தியம், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு? எத்தனை மூன்று மணி இந்த மேசையில் எதிரெதிரே இருந்தோம்? பாணைப் பிய்த்துக்கொண்டே, பரமேஸ்வரி, அது உன் பூவால் வந்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அம்மாவைப் பார்க்கப் போகாத அந்த மாதத்திலாவது சொல்லியிருக்கலாமே. அடுத்த வருடம் அம்மா செத்த செய்தி வந்தபோது, இதே அடுப்படியில் நான் அழ, நீங்கள் என் முதுகைத் தடவினீர்கள். அப்போதும் சொல்லவில்லை.

ஒரு நேரம் நினைக்கிறேன், நான் அதை மனதில் வைத்திருப்பதே உங்களுக்குத் தெரியாது என்று. முடிந்தது என்றால் உங்களுக்கு முடிந்ததுதான், அப்படிப்பட்ட ஆள் நீங்கள். நானும் வாய்விட்டுக் கேட்கவில்லைதானே. இன்னொரு நேரம், தெரிந்தும் பேசாமல் இருந்தீர்களோ, சொன்னால் நான் போய்விடுவேன் என்று பயந்தீர்களோ என்று தோன்றுகிறது. எது உண்மை? இனி யாரைப் போய்க் கேட்பது? படத்தைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் மீசையோடு சிரித்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

அனா குத்தகைக் கடதாசியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஏலாது பிள்ளை" என்றேன்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. அனா அழுதாள், ஆனால் கோபத்தில் இல்லை. அம்மாவும் சாகும்வரை இதையேதான் அப்பாவிடம் சொன்னா, அவருக்குக் கேட்கவில்லை என்றாள். கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுச் சூப்பை முழுவதும் குடித்தாள்.

ஆகவே சனிக்கிழமையோடு கடை சாத்துகிறது அண்ணை. செங்கல் சுமந்து, பலகையில் படுத்து, பிள்ளையைப் பெட்டியில் வளர்த்து நீங்கள் கட்டிய கடை. அதைச் சாத்துவது எனக்கு லேசு என்று நினைக்காதீர்கள். நேற்றுக் கவுண்டரைத் துடைக்கும்போது அழுதேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன், அது தெரிந்துதான் உடைக்கிறேன். மாலைக்காகக் கொடுத்த வாக்கு அது. மாலையில் குற்றமே இல்லையென்று ஆன பிறகு அதைத் தூக்கிச் சுமக்க என் முழங்காலில் பலம் இல்லை.

அதற்குப் பதிலாக வேறொரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு உங்களையும் லீனா அக்காவையும் பார்க்கக் கல்லறைக்கு வந்துகொண்டிருந்தேன். இந்த மாதம் வரமாட்டேன். அடுத்த மாதமும் வராமல் விடலாம். எனக்கு உங்களோடு கோபம். உங்கள் முதலாளித்தனத்துக்குப் பயந்து இவ்வளவு காலமும் படாத கோபம், படுத்துக் கிடந்து ஆறுதலாகப் படப்போகிறேன். எவ்வளவு நாள் எடுக்கும் என்று எனக்கே தெரியாது. ஆறின அன்றைக்குக் கட்டாயம் வருவேன். தங்கச்சி கோபித்துக்கொண்டு போனால் அண்ணன்தான் காத்திருக்க வேண்டும், எங்கள் ஊரில் அப்படித்தான். காத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி
பரமேஸ்வரி