பத்தரை மணிக்குக் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது. நீயும் நலம் என்று நம்புகிறேன், நிச்சயமாகத் தெரிந்துகொள்ள நீ போனை எடுத்தால்தானே. மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். போன வருடம் லீவில் வந்தபோது எங்கள் பல் கிளினிக் கம்ப்யூட்டரில் மெயிலுக்குள்ளேயே ஒரு குட்டி புரோகிராம் எழுதிச் செருகிவிட்டுப் போனாயே, ஆறு மாதமாக வராதவர்களுக்கு நாளும் நேரமும் குறித்துத் தானாகவே அழைப்பு அனுப்புமே, அதைப் பற்றித்தான். ரிசப்ஷனில் எனக்கு வேலை மிச்சம் என்று நானும்தான் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஆனால் யாராவது இறந்துவிட்டால் நான் குறித்துவைப்பது கிளினிக் பதிவேட்டில், அது பார்ப்பதோ மெயிலில் இருக்கும் முகவரிப் பட்டியலை. இதை உன்னிடம் இரண்டு தடவை சொன்னேன். "பத்து நிமிஷ வேலைப்பா, இந்த வாரம் பாத்துடறேன்" என்றாய். எத்தனை வாரம் போயிற்று என்று நீயே எண்ணிக்கொள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு, திரையில் வந்த பெயரை யோசிக்காமல் சத்தமாகக் கூப்பிட்டேன். மூலை நாற்காலியிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நின்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவாரே, கட்டுப்பல் மாட்டியதும் கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பாரே, அவர் மனைவி. அவர் போய் நான்கு மாதம் ஆகிறது, துக்கம் விசாரிக்க நானே போயிருந்தேன். அந்த அம்மாள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவர் போன்ல வந்துச்சு, உங்களுக்காகக் காத்திருக்கிறோம்னு. யாராச்சும் வந்து சொல்லணும்ல. அவர் எங்கயும் லேட்டா போனதில்ல, அதான் பத்து மணிக்கே வந்துட்டேன்" என்றார். டாக்டரோ அப்புறம் என்னிடம், "மத்தவங்கல்லாம் ஒழுங்கா வர்றாங்களே, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார். நான் கேட்கவில்லை, மதியமே அந்த புரோகிராமை நீக்கப் போனேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. என் பெண் எழுதியதாயிற்றே என்று ஒரு நிமிடம் கை நின்றது, பிறகு அழுத்திவிட்டேன். இனி ஒவ்வொருவரையும் நானே போனில் கூப்பிட்டுக்கொள்கிறேன், தொண்டை வற்றினால் வற்றட்டும்.

மாலையில் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், இனி அப்படி வராது என்றேன். "அப்ப இனிமே அவர் பேருக்கு எதுவுமே வராதா" என்று கேட்டார். பிள்ளை செய்தது பிழை என்றால் அதில் பாதி என்னுடையது, இரண்டு தடவை சொன்னதோடு பெருமைக்காக வாயை மூடிக்கொண்டுவிட்டேன்.

அந்த அம்மாளின் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அது எப்படி நடந்தது என்று விளக்க வேண்டாம், அவர் வீட்டுக்காரரைப் பற்றிக் கேள், சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிரு. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், கோபத்திலும் எனக்கு வாயில் வருவது அந்த ஆசிதான்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அப்பா