டம்ளர்ல இருக்கிறது காபி இல்ல

என்னங்க,

மேசைமேல டம்ளர்ல இருக்கிறதைக் குடிச்சிடாதீங்க. அது நம்ம பிக்கப்போட முன் அச்சு ஆயில். மாத்தலாம்னு காலையில அடி போல்ட்டைக் கழட்டினேன். போல்ட்டைச் சுத்தி ஒரே கறுப்புச் சேறு, உள்ள இருந்து ஆயில் பால் கலந்த மாதிரி வழியுது. நாத்தம் மூணு தடவை சோப்பு போட்டும் கையை விட்டுப் போகல. தண்ணி புகுந்தாத்தான் ஆயில் இப்படி ஆகும். இருபது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறவகிட்டயே "ஆத்துப் பக்கமே போகல"ன்னு கூசாம சொல்றீங்களே, சீ! நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா ஆத்துல நீந்துமா?

நான் பட்டறைக்குக் கிளம்பறேன். சோறு அடுப்புமேல இருக்கு. சாவி ஆணியிலதான் தொங்குது, ஆனா வண்டியை எடுக்காதீங்க, புது ஆயில் இன்னும் ஊத்தல.

வாசல்ல இப்பத்தான் பார்த்தேன். நம்ம பாப்பா செருப்புலயும் அதே கறுப்புச் சேறு. அவளையும் உட்கார வெச்சுக்கிட்டா ஆத்துல இறக்கினீங்க?

சாவி இனிமே ஆணியில இருக்காது.