இமையில் வைத்துப் பார்த்த சூடு

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி, நம் கட்டெறும்பும் நன்றாக இருக்கிற சேதி வந்துகொண்டே இருந்தால் அதுவும் வழிக்கு வந்துவிடும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று போனில் மாப்பிள்ளையிடம் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். குஞ்சு பொரிப்பகத்தில் காலமெல்லாம் சூட்டுக்குக் காவல் இருக்கிறவன் நான், அறையில் சூடு கொஞ்சம் இறங்கினாலே கையும் ஓடாது காலும் ஓடாது. பிறந்ததும் பிள்ளை அழவில்லை, மூளைக்குப் பிராணவாயு போதவில்லை, அதனால் மூன்று நாள் குளிர்ந்த மெத்தையில் போட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், பச்சப்புள்ளைய யாராச்சும் குளிர்ல போடுவாங்களா, பக்கத்துல ஒரு பல்பாவது எரிய விடச் சொல்லுங்க மாப்பிள்ளே என்று காட்டுக்கத்தல் கத்திவிட்டேன். பாவம், அவர் பொறுமையாக, குளிர்ல வச்சாத்தான் மூளையில சேதம் பரவுறது குறையுமாம் மாமா என்றார். பல்பு விஷயம் நர்ஸ் அம்மாள் வரை போய்ச் சிரித்தார்களாமே, சிரிக்கட்டும்.

நீ அனுப்பிய படம் வந்தபோது வேலையில் இருந்தேன். முட்டையை நாங்கள் கண் இமையில் வைத்துச் சூடு பார்ப்போம், சின்ன வயதில் நீயும் பார்த்திருக்கிறாய், மீட்டர் என்ன சொன்னாலும் இமையும் ஆமாம் போட வேண்டும். குழாயும் ஒயருமாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்தவன், யோசிக்காமல் போனை எடுத்து இமையில் வைத்துவிட்டேன். போன் சூடாக இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகுதான் புத்தி வந்தது. கூட வேலை செய்கிறவர், என்னண்ணே கண்ணு வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது உடம்பைப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், பால் குடிக்கிறாள், ஆனால் நடை பேச்செல்லாம் எப்படி வரும் என்று டாக்டரால் இன்னும் சொல்ல முடியவில்லை என்றாய். அதோடு ஒன்று கேட்டாய். இப்படிக் குளிர வைத்த குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று இரண்டு வயது வரை பார்த்துக்கொண்டே வருகிற ஆராய்ச்சியில் இவளையும் சேர்க்கலாமா, சேர்த்தால் அடிக்கடி அங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம், அதுவரை ஊருக்கு வர முடியாதே, நீங்களே சொல்லுங்கப்பா என்று. உங்களுக்காக முன்னறைக்கு வெள்ளையடித்துக் கொசுவலையும் மாட்டிவிட்டேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் இருமலைத் தவிர வேறு சத்தம் இல்லை. சோற்றை ஆக்கிவிட்டு, யாரையாவது சாப்பிடக் கூப்பிட வேண்டும் போல வாசல் வரை போய்த் திரும்புகிறேன். தனியாக இருக்க முடியவில்லையம்மா, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

ஆனாலும் நீ கையெழுத்துப் போடு. முன்பு யாரோ பெற்ற பிள்ளைகளை யாரோ உட்கார்ந்து கவனித்ததால்தானே நம் பிள்ளைக்கு அந்த மூன்று நாள் குளிர் கிடைத்தது. இனிப் பிறக்கப்போகிற ஏதோ ஒரு பிள்ளைக்கு நம் கட்டெறும்பும் கொஞ்சம் உதவட்டும். இவளுக்கும் ஏதாவது குறை தட்டினால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். வெள்ளையடித்த சுவர் எங்கேயும் ஓடிப்போகாது, நானும் போகமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் தூங்கச் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே. தினமும் ஒரு தடவை அவள் கன்னத்தை உன் இமையில் வைத்துப் பார்த்துவிட்டு, சூடு சரியா இருக்குப்பா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல். மீட்டர் கணக்கு எனக்கு வேண்டாம்.

மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அப்பா